ஒரு முக்காலி, இரண்டு வீடு

நாசெவு ஊரில் "இல்லை" என்ற சொல்லுக்கு வேலை கிடையாது. ஒருவர் உங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசி, மரவள்ளி விளைச்சலைப் பற்றிப் பேசி, கடைசியில் "கெரெகெரே" என்று ஆரம்பித்துவிட்டால், கேட்ட பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். கொடுத்தது கொடுத்ததுதான். திருப்பித் தா என்று கேட்பவரை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். வேண்டுமானால் நீங்களும் இன்னொரு நாள் அவர் வாசலில் போய் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். ஃபிஜி முழுக்க அதுதான் முறை. இந்த முறையில் பிறந்து வளர்ந்த ஒருத்தியைக் கூப்பிட்டு, இந்தா அலமாரிச் சாவி, உள்ளே இருக்கிற சாமானையெல்லாம் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொன்னது யார் புத்தியோ தெரியவில்லை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்று சொல்ல மாட்டேன். கெலெரா ஒரு புனலைக்கூடத் தனக்கென்று எடுத்ததில்லை. ஊர்தான் பூனை.

கெலெராவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் மூன்று சாவி. தெற்கே கப்பலில் ஒன்றரை நாள் போக வேண்டிய ஒரு சின்னத் தீவில் பிறந்தவள். படகோட்டி கிடியோனியைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வயதில் நாசெவுக்கு வந்தாள். ஆறாவது வருஷம் கிடியோனி காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் கப்பலேறி வந்து, "கிளம்பு, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்றான். அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர் வேலை காலியாயிற்று. வேலையோடு, லேபுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறையும் கிடைத்தது. "மூணு மாசம் பாக்கறேண்ணே" என்றாள். மூன்று மாசம் பத்தொன்பது வருஷமாயிற்று. வருஷா வருஷம் அண்ணன் கப்பல்காரர்கள் மூலம் "எப்ப வரே?" என்று சொல்லியனுப்புவான். இவளும் வருஷா வருஷம் "இன்னும் மூணு மாசம்" என்று பதில் அனுப்புவாள்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் பத்தொன்பது வருஷம் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டே அதே பாடங்களைக் காதில் வாங்கியவள். எந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டில் ஆகாது என்பது புதிதாக வரும் ஆசிரியர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். கழுவும் தொட்டி வகுப்பின் பின்பக்கம் இருந்தது. ஆசிரியர் கரும்பலகையில் தப்பாக எழுதினால் கெலெரா தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடுவாள். சத்தம் நின்றதும் ஆசிரியர் திரும்பிப் பார்ப்பார், பலகையைப் பார்ப்பார், அழித்துவிட்டுச் சரியாக எழுதுவார். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

இனி அலமாரியின் கதை. தராசு கடைக்காரரிடம் இருந்தது, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் நிறுக்க. புனல்கள் படகுக்காரர்களிடம். தெர்மாமீட்டர் போதகர் வீட்டில், பேத்தியைக் குளிப்பாட்டும் வெந்நீருக்கு. அணுக்களைக் கோத்துக் காட்ட மர உருண்டைகள் கொஞ்சம் இருந்தன. கார்பன் என்று சொல்லிக் காட்டும் கறுப்பு உருண்டைகளை ஊர்த்தலைவர் வீட்டுப் பையன்கள் கோலி ஆடினார்கள். ஹைட்ரஜனான வெள்ளை உருண்டைகள் இருபத்து நான்கையும் தொரிகா கேட்டு வாங்கி மீன் வலையில் மிதவையாகக் கட்டிவிட்டாள். லேபின் இரும்பு முக்காலியும் அதே தொரிகாவின் அடுப்பில்தான், கெட்டிலுக்குக் கீழே.

தொரிகா அடுத்த வீட்டுக்காரி. புருஷன் சரக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் மூன்று தடவை வந்தால் பெரிது. வாயைத் திறந்தால் கேலி, மூடினால் சிரிப்பு. கெலெராவின் தீவுக்காரர்களும் இந்த ஊர்க்காரர்களும் எவ்வளவு வேண்டுமானாலும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முன்னோர் காலத்து உறவு ஒன்று உண்டு. அந்த உரிமையைத் தொரிகா ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

அந்த வருஷம் ஒரு திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் கெலெராவைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை தலைநகரிலிருந்து மேற்பார்வையாளர் வருகிறார். பட்டியலில் உள்ள நாற்பத்தொரு சாமானும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டெண்டர் வேலைக்கு டவுனிலிருந்து வேறு ஆள் போடுவார்கள். ஹெட்மாஸ்டர் கடிதத்தை மடித்துக்கொண்டே, "அறையையும் காலி பண்ண வேண்டி வரும் கெலெரா" என்றார்.

அவள் போய் அலமாரியைத் திறந்து எண்ணினாள். பதினேழு இருந்தது. அப்புறம் தன் அறையில் கட்டிலின்மேல் உட்கார்ந்து, அண்ணன் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பார்த்தாள். அண்ணி நல்லவள்தான். ஆனால் அது அண்ணியின் சமையலறை. இந்த ஊரை விட்டுப் போவது என்ற நினைப்பு முதல் தடவையாக உண்மையாக வந்து எதிரில் உட்கார்ந்தது.

ஊரில் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அது கேட்பதாகிவிடும். முக்காலியைக் கேட்கலாம், புனலைக் கேட்கலாம். என்னை இங்கே இருக்க விடுங்கள் என்று ஓர் ஊரிடம் கெரெகெரே கேட்பது எப்படி? அவள் வந்தவள்தானே. அதனால் வாயை மூடிக்கொண்டு, முறைப்படி ஒவ்வொரு வாசலாக ஏற ஆரம்பித்தாள். முதல் வாசல் தொரிகாவுடையது.

"என்னடி, பள்ளிக்கூடத்து மகாராணி காலாற நடந்து வந்திருக்கு. மழை வருமோ?"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தெற்கே கறுத்திருக்கு."

"உங்க ஊர்ப்பக்கம்னாலே கறுப்புதான். மரவள்ளி?"

"இந்தத் தடவை பரவாயில்ல."

"சரி, சுத்தி வளைச்சது போதும். கேளு."

"கெரெகெரே. அந்த முக்காலி."

தொரிகா அடுப்பைப் பார்த்தாள். கெட்டில் முக்கால் கொதி கொதித்துக்கொண்டிருந்தது. கெட்டிலை இறக்கி, முக்காலியைக் கிடுக்கியால் எடுத்து, தண்ணீரில் முக்கி, சூடு ஆறியதும் துடைத்துக் கொடுத்தாள்.

புதன்கிழமைக் காலை லேப் வாசலில் தொரிகா வந்து உட்கார்ந்தாள்.

"நீ சொன்ன மழை வரலையே."

"வரும்."

"நேத்திலேருந்து எங்க வீட்ல டீ கிடையாதுடி. மூணு கல்லை வெச்சேன். கெட்டில் கவுந்து அடுப்பே அணைஞ்சுபோச்சு. டீக்குப் போடற எலுமிச்சை இலையைப் பச்சையா மென்னுட்டு உக்காந்திருக்கேன், ஆடு மாதிரி." கொஞ்சம் நிறுத்தினாள். "கெரெகெரே."

கெலெரா வாயைத் திறந்தாள். "இல்லை" என்று சொல்லத்தான் திறந்தாள். இருபத்தைந்து வருஷ நாசெவுப் பழக்கமும், அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருஷத் தீவுப் பழக்கமும் தொண்டையில் வந்து நின்றன. முக்காலியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மற்ற வாசல்களிலும் இதே கூத்துதான். செவ்வாய்க்கிழமை எட்டுச் சாமான் கேட்டு வாங்கினாள். புதன் மத்தியானத்துக்குள் ஆறு பேர் வந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோனார்கள். வானத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. அலமாரியில் பத்தொன்பது.

வியாழக்கிழமை காலை ஆர்த்திகா டீச்சரின் வகுப்பு. ஆர்த்திகா இருபத்தொன்பது வயதுக்காரி, லம்பாசாப் பக்கம் கரும்புக்காட்டில் வளர்ந்தவள், அந்த ஊருக்கு வந்து இரண்டாவது வருஷம். முந்தின நாள் வைத்த சின்னப் பரீட்சையின் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு குளோரின் அணுக்கள் எப்படிச் சேருகின்றன என்பது கேள்வி. இருபத்தாறு பேர் எழுதியிருந்தார்கள். இருபத்தாறும் ஒரே பதில்.

"'முதல் குளோரினிடம் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான் இருந்தது. எட்டு இருந்தால்தான் நிம்மதி. அதனால் பக்கத்துக் குளோரினிடம் கெரெகெரே கேட்டது. அது ஒன்றைக் கொடுத்தது.'" ஆர்த்திகா தாளை இறக்கினாள். "சரி. கொடுத்தவன்கிட்ட இப்ப எத்தனை?"

"ஆறு டீச்சர்."

"அவனுக்கு எத்தனை வேணும்?"

"எட்டு."

"அப்ப என்ன பண்ணுவான்?"

"இவன் வாசல்ல போய் உக்காந்து ரெண்டு கேப்பான்."

"இவனும் கொடுப்பான்?"

"கேட்டா கொடுக்காம எப்படி டீச்சர்?"

ஆர்த்திகா சாக்பீஸைக் கீழே வைத்தாள். "இப்படியே போனா ரெண்டு பேரும் சாகிற வரைக்கும் ஒருத்தன் வாசல்ல ஒருத்தன் உக்காந்து மழையைப் பத்தியே பேசிட்டிருக்க வேண்டியதுதான்."

வகுப்பு சிரித்தது. பின்னால் தொட்டியில் குழாய் கழுவிக்கொண்டிருந்த கெலெராவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவளுக்கு முக்காலி ஞாபகம் வந்தது.

"உப்புல நடக்கிறது வேற" என்று ஆர்த்திகா தொடர்ந்தாள். "சோடியத்துக்கு வெளியில ஒண்ணே ஒண்ணு. அது போனா அவனுக்கு நிம்மதி. அதனால குளோரினுக்குக் கொடுத்துடுவான். அது உங்க கெரெகெரே, ஒத்துக்கறேன். ஆனா இங்க ரெண்டு பேருமே ஏழு. ரெண்டு பேருக்குமே ஒண்ணு குறையுது. கொடுக்கிற நிலைமையில யாருமே இல்ல." பலகையில் இரண்டு வட்டம் போட்டாள். "இவன் ஒண்ணு கொண்டுவரான். அவன் ஒண்ணு கொண்டுவரான். ரெண்டையும் நடுவுல வெக்கறாங்க. யாரும் யாருக்கும் கொடுக்கல. நடுவுல இருக்கிற ரெண்டையும் சேத்து இவன் எண்ணினா எட்டு. அவன் எண்ணினாலும் எட்டு."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "நடுவுல வெச்சது ரெண்டுதானே டீச்சர்? ரெண்டு பேரும் தன்னுதுன்னு எண்ணினா நாலாகும். இது ஏமாத்து வேலை."

ஆர்த்திகா பதில் சொல்ல வாயெடுக்கும்போது பின்னால் குழாய் நின்றது. திடுக்கிட்டுப் பலகையைப் பார்த்தாள். தப்பு ஒன்றும் தெரியவில்லை. திரும்பிக் கெலெராவைப் பார்த்தாள்.

"பலகையில தப்பு இல்ல டீச்சர்" என்றாள் கெலெரா. ஈரக்கையை இடுப்பில் சுற்றிய சூலுவில் துடைத்துக்கொண்டாள். "எங்க வலையை நினைச்சேன். பாதி நான் பின்னினேன், பாதி தொரிகா பின்னினா. நடுவுல சேத்துத் தெச்சோம். உன்கிட்ட வலை இருக்கான்னு அவளைக் கேட்டா இருக்கும்பா. என்னைக் கேட்டா நானும் இருக்கும்பேன். ரெண்டு பேரும் பொய் சொல்லல. வலை ஒண்ணுதான்."

"சண்டை வந்தா?" என்றது முன்வரிசை.

"வாரா வாரம் வருது. ஆனா ஒருத்தி அதைத் தூக்கிட்டுப் போய் என்ன பண்றது? ஒரு முனையைப் பிடிச்சா மீன் மறு முனையால போயிடும். அதனால திட்டிக்கிட்டே ரெண்டு பேரும் அங்கயே நிப்போம்."

ஆர்த்திகா இரண்டு வட்டத்துக்கும் நடுவே இருந்த இரண்டு புள்ளிகளைச் சாக்பீஸால் தட்டினாள். "அவ்வளவுதான் விஷயம். இந்த ரெண்டு எலக்ட்ரானையும் ரெண்டு பக்கத்துக் கருவும் இழுக்குது. விட்டுட்டுப் போக யாராலயும் முடியல. அதனால அணு ரெண்டும் சேந்தே நிக்குது. வேற பசையும் இல்ல, ஆணியும் இல்ல. இதுக்குப் பேர்தான் சகப்பிணைப்பு."

பத்தொன்பது வருஷமாகக் கேட்ட பாடம். அன்றைக்குத்தான் கெலெராவின் காதுக்குள் போயிற்று. இத்தனை நாளும் அந்த முக்காலி கொடுக்கிற சாமானாக இருந்தது, வாங்குகிற சாமானாக இருந்தது. நடுவில் வைக்கிற சாமானாக அதை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் கடல் வற்றியிருந்தது. இருவரும் இடுப்பளவு தண்ணீரில் ஆளுக்கொரு கம்பைப் பிடித்துக்கொண்டு, ஹைட்ரஜன் மிதவைகள் நடுவில் ஆட, வலையை விரித்து நின்றார்கள். அங்கே வைத்துக் கெலெரா விஷயத்தைச் சொன்னாள். கடிதம், பட்டியல், டவுன் ஆள், அறை, அண்ணன் வீடு, எல்லாவற்றையும்.

தொரிகாவின் கையிலிருந்த கம்பு சாய்ந்தது. வலைக்குள் வந்த இரண்டு மீன் வந்த வழியே போயின.

"இதைத் திங்கக்கிழமையே சொல்ல உனக்கு வாயில புண்ணா?" என்றாள் தொரிகா.

"எப்படிச் சொல்றது? நான் வந்தவ."

"வந்தவளாம். இருபத்தஞ்சு வருஷமா என் உயிரை எடுத்துட்டு, வந்தவளாம். நீ போயிட்டா இந்த மறு முனையை உங்கண்ணனா வந்து பிடிப்பான்?"

கெலெராவுக்கு அழுகை வந்துவிட்டது. கம்பை விட முடியாததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

"அழாதடி. கடல் ஏற்கெனவே உப்பாத்தான் இருக்கு" என்றாள் தொரிகா. "சரி, முக்காலியைக் கேளு, இப்பவே தரேன். திருப்பி வந்து கேக்க மாட்டேன்."

"வேணாம். நான் கேக்க வரல. நீ கொடுக்கவும் வேணாம். நாளைக்குக் காலையில அதைத் தூக்கிட்டு லேபுக்கு வா. பிடிச்சிக்கிட்டு உக்காரு. நானும் ஒரு பக்கம் பிடிச்சிக்கறேன். மத்தவங்க கிட்டயும் அதைத்தான் சொல்லப் போறேன்."

"அதனால என்ன ஆகும்?"

"தெரியாது. ஆனா பொய் இருக்காது."

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் இலைதியா வந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, மரக்கைப்பிடி போட்ட கறுப்புக் குடை, அக்குளில் பட்டியல். லேப் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். உள்ளே பாய் விரித்து ஊர் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் மடியில் தராசு. போதகரின் மனைவி கையில் தெர்மாமீட்டர், தோளில் பேத்தி. படகுக்காரர்கள் ஆளுக்கொரு புனல். தொரிகா முன்னால் முக்காலி, அதன்மேல் கெட்டில், கெட்டிலில் ஆவிகூட அடங்கவில்லை.

எதிரில் உட்கார்ந்திருந்த கெலெரா முக்காலியின் ஒரு காலைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள்.

"ஐயா, பட்டியல்ல இருக்கிற நாப்பத்தொண்ணும் இந்த அறையில இருக்கு. ஆனா நேத்து வரைக்கும் அலமாரியில இல்ல. இவங்க வீடுகள்ல இருந்துச்சு. நாளைக்கும் இருக்கும். பசங்களுக்குப் பாடம் இருக்கிறப்போ இங்க வரும். தப்புன்னா அது என் தப்பு, இவங்க தப்பு இல்ல."

இலைதியா பட்டியலைப் பார்த்தார், தொரிகாவைப் பார்த்தார். "இந்த முக்காலி யாரோடது?"

"லேபோடது" என்றாள் தொரிகா.

"உங்க வீட்ல எத்தனை முக்காலி இருக்கும்மா?"

"ஒண்ணு."

கெலெராவிடம் திரும்பினார். "லேப்ல?"

"ஒண்ணு ஐயா."

"ஆக மொத்தம் எத்தனை?"

"ஒண்ணு" என்றார்கள் இருவரும்.

ஆர்த்திகா டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலைதியாவின் கண் அவள் தலைக்குப் பின்னால் போயிற்று. கரும்பலகையில் நேற்றைய இரண்டு வட்டமும், நடுவில் இரண்டு புள்ளியும் அழிக்காமல் இருந்தன. அவரும் ஒரு காலத்தில் வேதியியல் வாத்தியார்தான். புள்ளிகளைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார், அதன் காலை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்த இரண்டு பெண்களைப் பார்த்தார். முதலில் தொப்பை குலுங்கியது, அப்புறம்தான் சிரிப்புச் சத்தம் வந்தது.

"முப்பது வருஷம் நானும் இதைச் சொல்லிக் கொடுத்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தனுக்காவது புரிஞ்சுதான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." பிறகு முகத்தை அதிகாரியாக்கிக்கொண்டார். "ஆனா வகுப்பு மணி அடிச்சா சாமான் இங்க இருக்கணும். ஒரு நிமிஷம் தாமதம் ஆகக் கூடாது."

"சாமான் தனியா வராது ஐயா. நாங்களும் கூட வருவோம்" என்றாள் தொரிகா.

"வாங்க. வேண்டாம்னு யார் சொன்னா?"

நாற்பத்தொன்றுக்கும் குறி போட்டார். வெள்ளை உருண்டைக்காக முழு வலையையும் விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. டீ குடித்தார், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்பங்கிழங்கும் சாப்பிட்டார். கிளம்பும்போது தொரிகா, "ஐயா, மழை வரும்போல இருக்கு. உங்க குடைக் கைப்பிடி ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். இலைதியா ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். அவரும் ஃபிஜிக்காரர். குடையைக் கொடுத்துவிட்டு, பட்டியலின் கடைசியில் தன் கையாலேயே நாற்பத்திரண்டு என்று போட்டு, குடை என்று எழுதிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் லேப் வகுப்பு நாட்களில் பின்பக்கச் சுவரோரம் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருப்பது வழக்கமாயிற்று. ஆர்த்திகா பலகையில் தப்பாக எழுதினால் இப்போது குழாய் நிற்பதோடு கடைக்காரரின் இருமலும் சேர்ந்து வரும்.

டிசம்பரில் தொரிகாவின் புருஷன் கப்பலிலிருந்து வந்தான். தெற்குத் தீவிலிருந்து கெலெராவின் அண்ணன் வழக்கம்போல் அவனிடம் சொல்லியனுப்பியிருந்தான், எப்ப வரே என்று. அதை அவன் சொல்லும்போது பெண்கள் இருவரும் முற்றத்தில் வலையின் கிழிசலை ஆளுக்கொரு பக்கமாக முடிந்துகொண்டிருந்தார்கள்.

கெலெரா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இந்தத் தடவை மூணு மாசம்னு சொல்லாதீங்க. வர முடியாதுன்னு சொல்லுங்க. வலையோட ஒரு முனை என் கையில இருக்கு."

தொரிகா தலை நிமிராமலே, "இன்னொரு முனை யார் கையில இருக்குன்னும் சேத்துச் சொல்லிடு" என்றாள் புருஷனிடம்.